வேலை கைநழுவியது இங்கிலீஷால் அல்ல

வடசென்னை காசிமேட்டிலிருந்து ஒரு பெண் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 22. அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்கும் வேலை, அம்மா வீட்டிலேயே தையல், தம்பி பன்னிரண்டாவது படிக்கிறான். தமிழ் வழியில் பள்ளி முடித்து, கல்விக் கடனில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர். ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனைகளில் பயிற்சி, எண்ணூர்ப் பக்கம் சமூக நல போஸ்டிங் எல்லாம் பார்த்திருக்கிறார். நர்சிங் கவுன்சில் பதிவு கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதினான்கு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்ததில் இரண்டிடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள், இரண்டிலும் தேர்வாகவில்லை. முதல் இடத்தில் 'டெல் அபவுட் யுவர்செல்ஃப்' என்றதுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, புதிய நர்சுகளுக்கான 'ரெசிடென்சி' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு பெரிய மருத்துவமனை. எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகம் வரை போய், அதிலும் இங்கிலீஷ் தடுமாறியதால் வேலை கைநழுவியதாக எழுதுகிறார்.

இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது படுக்கை நர்சிங் ஹோம்: சம்பளம் 12,000, இரண்டு வருட பாண்டு (அதுவரை வேலையை விடமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்), ஒரிஜினல் சான்றிதழை அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டும். கிண்டி தாண்டி ஒரு பெரிய மருத்துவமனை: ஐ.சி.யூ. டிரெய்னி, ஆறு மாதப் பயிற்சி, 15,000 உதவித்தொகை, ஒரு வருட பாண்டு, வருகிற வியாழக்கிழமை நேர்முகம். மூன்றாவது, ஒரு கன்சல்டன்சி. 'அமெரிக்க ரெசிடென்சி சீட்' வாங்கித்தர மூன்றரை லட்சம், அதில் ஐம்பதாயிரம் உடனே முன்பணம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மா பக்கத்து நர்சிங் ஹோமே போதும் என்கிறார். தோழி, விண்ணப்பத்தில் அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறாள். 'சிஸ்டர், நான் எதில் தப்பு செய்கிறேன்?' என்று கடிதம் முடிகிறது.

மகளே, 'நீ' என்றே எழுதுகிறேன். நர்சிங் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை வார்டில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிட்டேன், இனி மாற்றிக்கொள்ள முடியாது. ஓய்வுக்கு அப்புறம் சில தனியார் மருத்துவமனைகளில் நேர்முகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று ஓரளவு தெரியும்.

முதலில் அந்த இரண்டாவது நேர்முகம். கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய். ராத்திரி இரண்டு மணி, டூட்டி டாக்டர் போனில், 'பேஷன்ட்டுக்குப் பொட்டாசியம் குறைவு, ஒரு ஆம்பூல் கே.சி.எல். ஐ.வி. போட்டுடுங்க' என்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். 'டாக்டர் ஆர்டர்படி உடனே போடுவேன் மேடம்' என்று நீ தயங்காமல் சொன்னாயாம். அந்த ஒரு பதிலைத்தான் இங்கிலீஷில் தடுமாறாமல் சொன்னேன் என்று வேறு எழுதியிருக்கிறாய்!

அந்த வேலை அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். உன் இலக்கணத்தை அந்த மேஜையில் யாரும் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். கலக்காத பொட்டாசியம் குளோரைடை ஊசியில் நேரே ஏற்றினால் இதயம் நின்றுபோகும். ஒரு பத்து மில்லி ஆம்பூலில், பொட்டாசியத்தை அளக்கும் அலகில், 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. வார்டில் கை நரம்பு வழியாக மணிக்கு 10-க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அப்படியென்றால் அந்த ஒரு ஆம்பூல் உடம்புக்குள் போகக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். இது உனக்குத் தெரியாமல் இருக்காது, பரீட்சையில் எழுதியிருப்பாய். ஆனால் நேர்முகத்தில் 'கீழ்ப்படிகிற பெண்' என்று காட்டினால் பிடிக்கும் என்று நினைத்துவிட்டாய். புதுப் பெண்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அவர்கள் எதிர்பார்த்த பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'எந்த நோயாளி, எவ்வளவு டோஸ், எதில் கலந்து, எத்தனை மணி நேரத்தில் என்று டாக்டரிடமே கேட்டு எழுதிக்கொள்வேன். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவேன். முடிந்தால் இன்னொரு சிஸ்டரையும் போனில் கேட்கச் சொல்வேன். பொட்டாசியம் ரிப்போர்ட்டை நானே பார்ப்பேன், சிறுநீர் போகிறதா என்று பார்ப்பேன். மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பில்தான் போடுவேன், போடுமுன் இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்வேன். டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்குவேன். நேரே புஷ் பண்ணச் சொன்னால் போட மாட்டேன், டியூட்டி சூபர்வைசரைக் கூப்பிடுவேன்.' இதை உடைந்த இங்கிலீஷில் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பார்கள். நானாக இருந்தால் தமிழில் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன்.

ஒரே பெயர், மூன்று சங்கதி

'ரெசிடென்சி' என்ற சொல் உன்னை நன்றாகக் குழப்பியிருக்கிறது. உன் மேல் தப்பில்லை, ஆளாளுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் நர்ஸ் ரெசிடென்சி என்பது, படித்து முடித்து உரிமம் வாங்கிய புதிய நர்சை ஒரு மருத்துவமனை சம்பளத்துக்கு எடுத்து, முதலில் சில மாதம் ஓர் அனுபவசாலியின் கையில் பிடித்துக் கொடுத்து, கூடவே முதல் வருடம் முழுக்க மாதாந்திர வகுப்பும் வைத்துப் பழக்குவது. வைசியன்ட் என்ற மருத்துவமனைச் சேவை நிறுவனமும் ஏ.ஏ.சி.என். என்ற நர்சிங் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து நடத்தும், 2002-இல் தொடங்கிய திட்டம் அப்படி ஓராண்டு நடப்பது. அங்கே படித்த பிள்ளைகளே படிப்பு முடிய மாதங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்து, நேர்முகம் கொடுத்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். பயிற்சிக்குச் செலவு செய்வது மருத்துவமனை. அந்த சீட்டை விற்க வெளியே யாருக்கும் உரிமை கிடையாது. உனக்கு அந்தக் கதவு திறக்க வேண்டுமென்றால் முதலில் அந்த நாட்டு நர்ஸ் உரிமத்துக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு, ஒரு மாநில உரிமம், உன் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசா ஸ்கிரீன் சான்றிதழ், அப்புறம் வருடக்கணக்கில் விசா வரிசை. இதில் எந்தப் படியையும் மூன்றரை லட்சம் கொடுத்துத் தாண்ட முடியாது.

இரண்டாவது, நம் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்'. அதற்கும் ரெசிடென்சி என்றுதான் பெயர், ஆனால் அது தீவிர சிகிச்சைக்கான இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி.யோடு குறைந்தது ஒரு வருட மருத்துவமனை அனுபவம் வேண்டும். ஐ.சி.யூ.வில் ஒரு வருடம் போட்ட பிறகு உனக்கு அது நல்ல வழியாக இருக்கலாம், இப்போது இல்லை.

மூன்றாவதுதான் சென்னையில் பெரிய மருத்துவமனைகள் புதியவர்களை எடுக்கும் டிரெய்னி வேலை. சில இடங்களில் நிஜமாகவே நல்ல பயிற்சி. சில இடங்களில் ரெசிடென்சி என்று பெயர் வைத்துவிட்டு, மூன்றாவது நாளே நைட் டூட்டியில் பதினைந்து பேஷன்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் நீ முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதே. அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அவர்களுடைய பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார். எண்ணைத் தராமல் 'சீட் முடிஞ்சிடும்மா' என்று அவசரப்படுத்தினால் விஷயம் முடிந்தது. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகும் எண்ணம் பின்னால் வந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரி. பெரும்பாலான இடங்களில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அதை இங்கே சம்பாதித்துக்கொண்டு போ.

பாண்டும் சான்றிதழும்

'பாண்டுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையாம், கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் வந்துவிடலாமாம்' என்று வகுப்புத் தோழர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இதை நம்பிக் கையெழுத்துப் போடாதே. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காக எந்த பாண்டும் அப்படியே செல்லும் என்றும் பயந்துவிடாதே. உன்னை வேலையில் கட்டிப்போட யாராலும் முடியாது. பணம் கேட்கலாம், அதுவும் நியாயமான அளவுக்குத்தான் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. உண்மையில் பயிற்சி கொடுத்துச் செலவு செய்த இடத்துக்கும், பயிற்சியே இல்லாமல் பாண்டு மட்டும் வாங்கும் இடத்துக்கும் இதில் வித்தியாசம் உண்டு. அதனால் பயிற்சி எத்தனை மாதம், என்னென்ன, நடுவில் விட்டால் எவ்வளவு என்பது அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நகல் கேள். தரமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைப்பது வேறு கதை. சரிபார்க்கக் காட்டலாம், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அத்தோடு சரி. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரிகள் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நம் உயர் நீதிமன்றமே ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கிறது. நர்சிங் ஹோமுக்கு மட்டும் என்ன தனி உரிமை? கையில் சான்றிதழ் இல்லாமல் நீ நாளைக்கு ஓர் அரசு வேலைச் சரிபார்ப்புக்குக்கூடப் போக முடியாது. வெற்று ஸ்டாம்பு பேப்பரிலோ, தொகை எழுதாத செக்கிலோ கையெழுத்துப் போடவே போடாதே. செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு. ஏற்கெனவே மாட்டிக்கொண்ட தோழிகள் யாராவது இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல், 15100 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்.

அந்தப் 12,000-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடங்களில்கூட நர்சுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், அதைக் காட்டி நீ சண்டை போட முடியாது. ஆனால் 12,000-ஐ 'நம்ம தகுதிக்கு இதுதான்' என்று நினைத்துக்கொள்ளாதே. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. பி.எஃப். பிடிக்கிறார்களா, சம்பளம் வங்கியில் வருகிறதா என்று இரண்டு இடத்திலும் கேள். கையில் கவர் கொடுக்கும் இடம் என்றால், நாளைக்கு அனுபவச் சான்றிதழ் கேட்கும்போதும் இழுத்தடிப்பார்கள்.

நீ கேட்க வேண்டிய கேள்விகள்

நேர்முகத்தின் கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'நத்திங் மேடம்' என்று எழுந்து வந்துவிடுகிறோம். வியாழக்கிழமை அப்படி வராதே. முதல் மூன்று மாதம் என் பக்கத்தில் நிற்கப் போகிற சீனியர் சிஸ்டர் யார் என்று கேள். ஒரே ஆளா, தினம் ஒருவரா? எந்த வாரத்திலிருந்து எனக்குத் தனியாக பேஷன்ட் கொடுப்பீர்கள், எப்போதிருந்து நைட்? வென்டிலேட்டர் பேஷன்ட் ஒருவருக்கு ஒரு நர்ஸ்தானே? என்னென்ன செய்முறை கற்றேன் என்று கையெழுத்துப் போடும் பட்டியல் உண்டா? வகுப்பு இருந்தால் அது டூட்டி நேரத்திலா, டூட்டி முடித்த களைப்பிலா? ஆறு மாதம் முடிந்தபின் சம்பளம் எவ்வளவு, அது கடிதத்தில் இருக்குமா?

இதையெல்லாம் கேட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று பயப்படாதே. நல்ல பயிற்சி நடக்கும் இடத்தில் அந்த நர்சிங் சூபரின்டென்டன்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகப் பதில் சொல்வார், நான் சொல்லியிருக்கிறேன். பயிற்சி இல்லாத இடத்தில் எச்.ஆர். ஆள் 'அதெல்லாம் சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்மா' என்பார். எனக்கு இந்த வேறுபாடு தாமதமாகத்தான் புரிந்தது. வேலைக்கு வந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாம், ஓர் இடத்தில் முதல் வாரமே ஒரு முழு வார்டை என்னிடம் விட்டார்கள். ஒரு பாட்டி, டிரிப் முடிந்து ரத்தம் ட்யூபில் ஏறியதைக் காட்டி, 'கண்ணு, இது சிகப்பா வருதே' என்று அவரே சொன்னார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் நான் ஸ்டோர் ரூமில் போய் ஒரு நிமிடம் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன்: முதல் வருடத்தில் மருத்துவமனையின் பெயர்ப் பலகையையும் மூவாயிரம் ரூபாய் கூடுதலையும் பார்க்காதே. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்.

வண்ணாரப்பேட்டை நர்சிங் ஹோமில் அப்படி ஓர் ஆள் இருந்து, சான்றிதழ் கேட்காமல், பாண்டும் இல்லாமல் இருந்தால் அதைக்கூட நான் தள்ளச் சொல்ல மாட்டேன். சின்ன இடத்தில் எல்லா வேலையும் கைக்கு வரும். இப்போது அவர்கள் வைக்கும் நிபந்தனையில் வேண்டாம். கிண்டி இடத்துக்குப் போய்க் கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

இங்கிலீஷும் காசிமேடும்

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு வேண்டியது மேடைப் பேச்சு இங்கிலீஷ் இல்லை, நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் இங்கிலீஷ். அது ஒரு சின்ன உலகம், இருநூறு முந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். தோழி ஒருத்தியோடு தினம் பத்து நிமிடம் போனில், ஆளுக்கொரு கற்பனை நோயாளியை ஒப்படைத்துப் பழகுங்கள். வரிசை மாறாமல் இருக்கட்டும்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் என்ன கேட்கிறேன். 'ஏழாம் பெட், குடல் ஆபரேஷன் முடிந்து நான்கு மணி நேரம். பி.பி. 80/50, பல்ஸ் 124. வடிகுழாயில் ரத்தம் கூடியிருக்கிறது. உள்ளே ரத்தக் கசிவோ என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள் டாக்டர்.' இதைத்தான் எஸ்பார் என்கிறார்கள். குழுவில் இருப்பவர்களின் காதுக்கு இந்த வரிசை கேட்டாலே போதும். நடுவில் வார்த்தை சிக்கினால், 'மே ஐ சே திஸ் இன் தமிழ், மேடம்?' என்று கேட்டுவிட்டுத் தொடர். சென்னையில் படுத்திருக்கும் நோயாளி 'நெஞ்சு கரிக்குது', 'நெஞ்ச அடைக்குது', 'படபடன்னு வருது' என்று சொல்லும்போது மூன்றும் வேறு வேறு என்று புரிகிற நர்ஸ்தான் அவர்களுக்கு வேண்டும்.

முகவரியை மாற்றாதே. ஆதாரிலும் பதிவுச் சான்றிலும் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்றால் பொய் சொன்னவள் என்ற பெயர்தான் மிஞ்சும். வடசென்னை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் குழுவில் முகவரியைப் பார்த்துவிட்டு நாங்கள் உண்மையில் கணக்குப் போடுவது, 'இந்தப் பெண் காலை ஏழு மணி டூட்டிக்கு வந்து சேருமா?' என்பதைத்தான். அதற்கு நீயே முந்திக்கொண்டு பதில் சொல்: தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கிண்டிக்கு மாறாமல் வரலாம், காலை ஐந்து மணிக்கே ரயில் ஓடத் தொடங்குகிறது, மாலை டூட்டி முடித்துப் போகவும் ரயில் இருக்கிறது. அம்மாவிடமும் இதையே சொல். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ராத்திரி ஷேர் ஆட்டோவில் வருவதுதான் அவருக்குப் பயம் என்று தோன்றுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு முதல் சில மாதம் அப்பாவோ தம்பியோ வந்து நிற்கட்டும். மருத்துவமனை வேன் அல்லது ஹாஸ்டல் உண்டா என்றும் விசாரி.

'டெல் அபவுட் யுவர்செல்ஃப்' கேள்விக்குச் சொல்ல உன்னிடம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தின் ஓர் ஓரத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மருத்துவ முகாமில் மூன்று நாள் நின்றேன் என்று ஒற்றை வரி இருக்கிறது. கையெல்லாம் எண்ணெய் ஒட்டி அரித்த மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை, அப்புறம் ஒரு பாட்டியைப் பிடித்து அவர் வழியாகச் சொல்லவைத்தேன் என்கிறாய். இதைவிட என்ன வேண்டும்? பெயர், கல்லூரி, இது, ஐ.சி.யூ. ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு வரி. ஒன்றரை நிமிடம் போதும். ரெஸ்யூமேயில் நெட்டில் எடுத்த அந்த 'ஆப்ஜெக்டிவ்' பத்தியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இதை எழுது. லாக் புத்தகத்தைப் பார்த்து எத்தனை பிரசவம், எத்தனை கதீட்டர், இன்டர்ன்ஷிப்பில் எந்த வார்டில் எத்தனை வாரம் என்று எண்ணோடு போடு. பதினான்கு இடத்துக்கும் ஒரே காகிதத்தை அனுப்பியிருக்கிறாய். ஐ.சி.யூ. கேட்கும் இடத்துக்கு ஐ.சி.யூ. போஸ்டிங் முதலில் வரட்டும்.

கல்யாணம் எப்போது என்று கேட்டார்களே, அதற்கு நீ அழுதுவிட்டாய் என்று படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவள். ஆள் நிற்குமா, ஓடுமா என்ற கணக்கில் கேட்பது. கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. ஆண் பிள்ளைகளிடம் ஒருநாளும் கேட்டதில்லையே. மறுபடி கேட்டால், 'பயிற்சியும் பாண்டு காலமும் முழுசாக முடிக்கும் எண்ணத்தில்தான் வந்திருக்கிறேன் மேடம்' என்று வேலையைப் பற்றி மட்டும் பதில் சொல். 'கர்ப்பமாக மாட்டேன்' என்கிற மாதிரி எதையாவது எழுதி வாங்கினால் அங்கே சேராதே. மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது சட்டம், அதை ஒரு காகிதத்தால் அழிக்க முடியாது.

அரசு வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நர்சிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அனுபவம் தேவையில்லை. தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900. இடங்களில் பெரும்பகுதி பெண்களுக்கு. நம் மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு இருக்கிறது. 2015-இல் அதை எழுதி உள்ளே போனவர்கள் மாதம் 7,700 தொகுப்பூதியத்தில் தொடங்கி, நிரந்தரத்துக்காக வருடக்கணக்கில் போராடினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு ரயில்வே தேர்வாணையம் அறிவிப்பு விடும்போது கண் வைத்துக்கொள். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் உட்காராதே. கை பழக்கம் விட்டுப்போகும், அடுத்த நேர்முகத்தில் 'இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?' என்பார்கள்.

வியாழக்கிழமைக்கு

எழுத்துத் தேர்வில் கணக்கு வரும். 500 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. டோபமைன் மருந்து 200 மில்லிகிராம் 50 மில்லியில், 60 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மில்லி. இரண்டையும் விடையைப் பார்க்காமல் போட்டுப் பார், மூன்றாம் முறை தன்னால் வரும். பொட்டாசியம் பதிலை அம்மாவை எதிரே உட்காரவைத்துத் தமிழில் ஒரு முறை சொல். அவருக்குப் புரிந்தால் நீ சரியாகச் சொல்கிறாய். அப்புறம் இங்கிலீஷில் சொல்.

ஒரிஜினல்கள் ஒரு கவரில், நகல்கள் வேறு கவரில். நகம் வெட்டிக்கொள். செகண்டு முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு போ, அப்பாவுடையது இருந்தாலும் சரி. பல்ஸ் பார்த்துக் காட்டச் சொன்னால் மொபைலை வெளியே எடுக்காதே.